மருந்தில் உறைந்த தயிர்

புனேயில் ஜனவரி மாதம் தயிர் உறையாது. கோயம்புத்தூர்க்காரியான எனக்கு அது மானப் பிரச்சினை. ஹாட்பாக்ஸில் வைப்பேன், கம்பளி சுற்றுவேன் (என் மகளைக் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட அப்படிப் பொத்தி வைத்ததில்லை). காலையில் திறந்தால் பால் பாலாகவே இருக்கும்.

அந்த வருடம் அதைவிடப் பெரிய கவலை வந்து சேர்ந்தது. என் கணவர் சிரிப்பதையே நிறுத்தியிருந்தார். விமான் நகரில் சாஃப்ட்வேர் வேலை. ஒரு நாள் ஷூ மாட்டக் கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மனச்சோர்வு என்றார் டாக்டர். சாங்வியில் எங்கள் குடியிருப்பில் யாருக்கும் தெரியக் கூடாதென்று நான் "டைபாய்டு" என்று சொல்லிவைத்தேன். (மாதக்கணக்கில் நீடித்த டைபாய்டு!) வேலை போய்விடுமோ, மனுஷன் இப்படியே இருந்துவிடுவாரோ என்று எனக்கு எந்நேரமும் அதே நினைப்புதான்.

டாக்டர் மாத்திரையோடு ஒரு பொடியும் கொடுத்தார். குடலிலுள்ள நல்ல கிருமிகளுக்கும் மனசுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். உறுதியாகச் சொல்ல முடியாதாம், கூடச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாமாம். இதில் "நல்ல கிருமி" மட்டும்தான் என் காதில் ஏறியது. கிருமிதானே? வெதுவெதுப்பான பாலில் விட்டால் பெருகிவிட்டுப் போகிறது! பொடியைக் கலக்கி உறை ஊற்றினேன். கல்லு மாதிரி உறைந்தது. (துளி பழைய தயிரும் சேர்த்தேன். அதை விடுங்கள்.) அந்தக் கிண்ணம் அவருக்கு மட்டும்.

சங்கராந்தி அன்று மத்தியானம், போகிற போக்கில் அவர் சொன்னார். "நேத்து நீ கடைக்குப் போயிருந்தப்ப விஜயா அக்கா உறை கேட்டு வந்தாங்க. குடுத்தேன்."

விஜயா அக்கா மேல் வீட்டுக்காரர், புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"ஏனுங்க, எந்தக் கிண்ணத்துல இருந்துங்க?"

"கெட்டியா இருந்துச்சே, அதுல."

"ஐயோ, அது உங்க மருந்துங்க!"

கீழே ஹாலில் அப்போது விருந்து நடந்துகொண்டிருந்தது. குடியிருப்பு முழுவதற்கும் தயிர் சாதம் விஜயா அக்கா பொறுப்பு. குழந்தைகள், வயசானவர்கள், பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்! எல்லாரும் வரிசையாக மயங்கி விழுவதும் போலீஸ் என்னை ஜீப்பில் ஏற்றுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"மத் காயியே! சாப்பிடாதீங்க! என் வீட்டுக்காரரோட மனச்சோர்வு மருந்து அதுல கலந்திருக்கு!" தெரிந்த மொழியிலெல்லாம் கத்தினேன்.

ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் என் டைபாய்டு ஞாபகத்துக்கு வந்தது.

"அரே, டைபாய்டுன்னு சொன்னியேடி?" என்றார் விஜயா அக்கா. "சரி, அப்படி என்ன மருந்து?"

"நல்ல... கிருமிங்க்கா."

"தயிர்ல வேற என்னடி இருக்கும்?"

அப்போது எங்கள் குடியிருப்புச் செக்ரட்டரி காகா (மராத்தியில் சித்தப்பா), ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மீசையை நீவிக்கொண்டு தட்டை நீட்டினார். "எனக்கு இன்னொரு கரண்டி போடுங்க. நானும் மனசுக்கு மாத்திரை சாப்பிடறவன்தான்" என்றார் இந்தியில், எல்லார் காதிலும் விழும்படி.

பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால் என் செருப்பைக் கையில் பிடித்தபடி இவர்! கதவில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

தயிர் குணமாக்கியது என்று சொல்ல மாட்டேன். மாத்திரை இருந்தது, டாக்டர் இருந்தார், அன்று முதல் தினமும் சாயங்காலம் இவரை நடக்கக் கூட்டிப்போன காகா இருந்தார். கதையைக் கேட்ட டாக்டர், "பொடியத் தண்ணியில கலக்குங்க தாயே, போதும்" என்று கும்பிட்டார்.

இன்றைக்கும் மனசு சரியில்லாத நாளில் இவர் மறைப்பதில்லை. காலிக் கிண்ணத்தோடு சமையலறை வாசலில் வந்து நிற்பார். "கொஞ்சம் உறை கிடைக்குமா?" நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருவேன்.

போன மாதம் பெங்களூர் ஹாஸ்டலிலிருந்து மகள் பேசினாள். சாப்பிட்டேன், தூங்கினேன் என்றெல்லாம் சொல்லிவிட்டு, போனை வைக்கப்போகும் நேரத்தில் சொன்னாள்.

"அம்மா, உறை தீர்ந்துபோச்சும்மா."

அன்றைக்கே பஸ் ஏறினோம்.