அரிசி இழுத்த ரோமாபுரி ராசா

2006 ஆடி மாதம். பட்டாசு ஊரான நாரணாபுரத்தில் சாமிகளுக்கே போட்டியாக ஒருவர் வந்துவிட்டார். ரோமாபுரி ராசா! இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் செத்தவர், மிளகு வாங்க அனுப்பிய காசில் முகமாக ஒட்டிக்கொண்டு வந்து வெடி விபத்தைத் தடுக்கிறாராம். பாவம், சொந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை போலும்.

அவரைக் கூட்டி வந்தவர் லட்சுமிகாந்த சுவாமிகள். பட்டு சுற்றிய பலகையில் காசை வைத்து, பக்கத்தில் மஞ்சள் அரிசியைத் தூவுவார். அரிசி துள்ளிப்போய்க் காசில் ஒட்டும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். முன்வரிசையில் பட்டாசுக் கம்பெனி முதலாளி இன்னும் பலமாகப் போட்டுக்கொள்வார். ஷெட்டுக்கு ஒரு காசு தொங்கவிட ஆர்டர் கொடுத்திருந்தார். தீயணைப்புக் கருவியைவிட மலிவு.

"அரிசிய இழுத்தா நல்ல காசு. இழுக்கலைன்னா உசிர இழுக்கும். வீட்டுல வச்சிருக்கவுக இங்கன குடுத்துருங்க" என்பார் சுவாமி.

வைப்பாற்று மணலில் பொறுக்கி, பெட்டிகளில் பத்திரமாகக் கிடந்த பழங்காசெல்லாம் சுவாமியின் பைக்குள் விழுந்தன. சென்னையில் அவற்றுக்கு என்ன கிராக்கி என்பது சுவாமிக்கு மட்டும் தெரியும்.

கம்பி மத்தாப்பு வேலைக்குப் போகும் பொன்னுத்தங்கத்திடமும் ஒன்று இருந்தது. அம்மா ராக்காயி கண்டெடுத்தது. "ராசா மூக்கு உங்க அய்யா மூக்காட்டமே இருக்குடி" என்று அன்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று வருடத்துக்கு முன் வெடி விபத்தில் போய்விட்டாள். அந்தச் சிரிப்பில் மிச்சம் இந்தக் காசுதான்.

சுவாமி அதை வாங்கி வெறும் தட்டில் வைத்தார். அரிசி அசையவில்லை.

"இதுதான் தாயி ஒங்கம்மாவக் கொன்னது."

கண்ணீரை மறைக்கக் குனிந்த பொன்னுத்தங்கம், சிந்திக் கிடந்த அரிசியை விரலால் தேய்த்தாள். மஞ்சளுக்கு அடியில் கறுப்பு. தினமும் வேலை விட்டு வந்து அவள் கையில் சோப்புப் போட்டுக் கழுவுகிற அதே கறுப்பு.

ஒரு பிடி அள்ளி, சுவாமி முன் எரிந்த கற்பூரத் தீயின்மேல் கசக்கி உதிர்த்தாள். பூப்பூவாகப் பொரிந்தது. ஊரே பிழைப்புக்குச் செய்கிற மத்தாப்பு!

"ஏலே, இரும்புத்தூளுலே!" என்று கத்தினார் பக்கத்து வீட்டு வெள்ளைத்துரை.

அவள் பலகையில் சுற்றிய பட்டுத்துணியை உருவினாள். பலகைக்குள் ஸ்பீக்கர் காந்தம். அதன்மேல் அம்மாவின் காசை வைத்தாள். அரிசி துள்ளி வந்தது. வெள்ளைத்துரை தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்து வைத்தார். அதற்கும் வந்தது. பொத்தானுக்கும் ஒரு கோயில் கட்டலாம்!

சுவாமியை ஓடவிடாமல் பிடித்துப் பையைக் கவிழ்த்தார்கள். முதலாளி மெல்ல எழுந்தார்.

"இருங்க முதலாளி," என்றாள் பொன்னுத்தங்கம், காசை இறுகப் பிடித்தபடி. "எங்கம்மா ஒங்க கம்பெனியிலதான் செத்தா. கொன்னது ராசா இல்லைன்னு ஆயிப்போச்சு. நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல பதினாறு பேர உக்கார வச்சது யாரு?"

கூட்டம் முதல்முறையாக முதலாளி பக்கம் திரும்பியது. இத்தனை நாள் கன்னத்தில் போட்டுக்கொண்ட கைகளே, இன்னும் கொஞ்சம் மேலே போய்ச் சொந்தத் தலையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே ஆள் இருக்கலாம்.