வீட்டுக் கணினிக்கு இரண்டு சாவி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மற்ற வீடுகளில் படுக்கை விரிப்பை மாற்றுவார்கள். இந்த வீட்டில் அவர் பாஸ்வேர்டை மாற்றுவார். குளித்துவிட்டு வந்து, தலை துவட்டிய துண்டையே விசைப்பலகையின்மேல் கூடாரம்போலப் போர்த்தி, அதற்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, கோழிக்கூண்டில் முட்டை தேடுகிறவர்போல அவர் துழாவிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே என்ன தொழில் நடக்கிறது என்று சந்தேகம் வந்துவிடும். ஒரு தொழிலும் நடக்கவில்லை. பாதுகாப்பு நடக்கிறது.

இந்த இனத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வீட்டுக்குக் கணினி வந்து இறங்கும்போதே அதற்கொரு காவல்காரரும் கூடவே வந்து இறங்கிவிடுகிறார். யாரும் அவரை நியமிப்பதில்லை. அட்டைப் பெட்டியைப் பிரித்தவுடன், “முதல்ல யாரும் தொடாதீங்க!” என்று எவர் கத்துகிறாரோ, அவரே அந்த வீட்டின் அட்மின். ஆயுள் பதவி. ராஜினாமா கிடையாது.

அப்படி அந்தக் கணினிக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், அவர் காதில் விழாமல். ஒரு கல்யாணத்தில் எடுத்த நூற்றுப் பன்னிரண்டு புகைப்படங்கள், அவற்றில் நாற்பதில் யாரோ ஒருவருடைய முதுகு. ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு, அந்த இயந்திரம் இரும்புக் கடைக்குப் போய் ஐந்து வருடமாகிறது. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு எழுத ஆரம்பித்து “ஐயா” என்ற சொல்லோடு நின்றுபோன ஒரு கடிதம். இவ்வளவுதான் ஆஸ்தி. இதைக் கொள்ளையடிப்பதற்காகக் கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில் ஒரு பெரிய கும்பல் பல்கூடத் துலக்காமல் இருபத்துநாலு மணி நேரமும் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

“எவன் எங்க உக்காந்து நம்ம வீட்டையே பாத்துக்கிட்டிருக்கானோ, யாரு கண்டா?” என்பார். அதனால் திரைக்கு மேலிருக்கும் காமிராவின்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். வாரா வாரம் பழையதை மெதுவாக உரித்து, கொஞ்சம் பஞ்சால் துடைத்து, புதியது ஒட்டுவார். அந்தக் காமிராவுக்குக் காயம் ஆறவே ஆறாது.

வீட்டுக்கு வருகிறவர்களையும் அவர் சும்மா விடுவதில்லை. ஒருமுறை சிலிண்டர் தூக்கிக்கொண்டு வந்தவரை வாசலிலேயே மடக்கி, “உங்க பாஸ்வேர்டு எத்தனை எழுத்து?” என்றார்.

“ஆறுங்க.”

“ஆறா?” துக்கம் விசாரிக்கிற குரல் வந்துவிட்டது அவருக்கு. “குழந்தை குட்டி இருக்கா?”

கணினியில் அவர் உண்டாக்கி வைத்திருக்கும் கணக்குகளின் கதை தனி. மனைவிக்கு ‘விருந்தினர்’ என்றொரு கணக்கு. கல்யாணமாகி இருபத்தேழு வருடமாகியும் அவள் இன்னும் விருந்தினர்தான். மகளுக்கு ‘குழந்தை’. மகளுக்குப் பதினோரு வயதில் போட்டுக் கொடுத்தது. அதன்பிறகு கணினியே இரண்டு தடவை மாறிவிட்டது. வயது மட்டும் மாறவில்லை. இருபத்துநான்கு வயதுப் பெண் ஏதாவது படித்துக்கொண்டிருந்தால் சரியாக எட்டரை மணிக்குத் திரையில் ஒரு கரடிக்குட்டி வந்து, தூங்கப் போகலாமா என்று கேட்கும். மூன்றாவதாக ‘திருடன்’ என்றே ஒரு கணக்கு. அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. திருடன் வந்தால் அதில் நுழைவானாம், ஒன்றும் இல்லையென்று பார்ப்பானாம், சலித்துப்போய் எழுந்து போய்விடுவானாம். அந்த வீட்டிலேயே கேள்வி கேட்பார் இல்லாத ஒரே ஆள் அந்தத் திருடன்தான் என்பதால், மகள் தன் வேலைகளையெல்லாம் அவன் பெயரிலேயே பார்த்துக்கொள்வாள்.

இவற்றுக்கெல்லாம் மேலே தலைமைக் கணக்கு. புதிதாக எந்த மென்பொருளைப் போடவும் அந்தப் பாஸ்வேர்டு வேண்டும். அதற்குத்தான் இரண்டு சாவி.

இரண்டு சாவி எங்கிருந்து வந்தது? அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் பொறுப்பாளர். அங்கே மயக்க மருந்துகள் வைக்கும் இரும்பு அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி இவரிடம், இன்னொன்று தலைமை நர்ஸிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். இருபத்தாறு வருடத்தில் ஒரு மாத்திரை குறைந்ததில்லை. அந்த ஏற்பாட்டை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பாஸ்வேர்டின் முதல் பாதி அவருக்கு மட்டும் தெரியும். இரண்டாம் பாதி மனைவிக்கு மட்டும். அவர் அடித்து முடித்ததும் எழுந்து, பால்கனிக்குப் போய், தெருவைப் பார்த்து நின்றுகொள்வார். அவள் வந்து தன் பாதியை அடித்து என்டரைத் தட்ட வேண்டும். “ஆச்சா?” என்பார், திரும்பாமலே. “ஆச்சு” என்பாள்.

அவள் தையல்காரி. அதே அறையில், கணினிக்கு நாலடி தள்ளி அவளுடைய இயந்திரம். வாடிக்கையாளர் அளவுகளையெல்லாம் ஒரு காலத்தில் கணினியில்தான் எழுதி வைத்தாள்; அவற்றையும் அவர் தலைமைக் கணக்குக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனால் ஒருவருடைய இடுப்பளவைப் பார்ப்பதற்குத் துண்டு, கூடாரம், பால்கனி எல்லாம் ஆகி முடிவதற்குள் அந்த இடுப்பே ஒரு சுற்றுப் பெருத்துவிடும்போல் இருந்ததால், பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிட்டாள். எட்டணாப் பெறாத அந்த நோட்டு, இயந்திரத்தின் இழுப்பறையில், பூட்டு இல்லாமல், பத்திரமாக இருக்கிறது.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் நீங்கள் வெளியே விடக்கூடாது. முதல் மூன்று வாரம் அவள் ஒழுங்காகத் தன் பாதியை அடித்தாள். நாலாவது சனிக்கிழமை, புதிய பாஸ்வேர்டு வைக்கையில், அவர் பால்கனிக்குப் போன நேரத்தில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அவசரத்தில் ஒன்றுமே அடிக்காமல் என்டரைத் தட்டினாள். உறுதி செய்ய அதையே மறுபடி அடி என்று கணினி கேட்டது. அவர் தன் பாதியை மறுபடி அடித்துவிட்டுப் போனார். மறுபடி வெறும் என்டர். இரண்டு தடவையும் ஒன்றாக இருந்ததால், அவர் பாதியையே முழுசு என்று கணினி ஏற்றுக்கொண்டது. “ஆச்சா?” “ஆச்சு.” பால் போனது போனதுதான்; ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒரு வழி திறந்தது. பதினான்கு மாதமாக அவள் அந்தப் பாதியை அடிக்கவே இல்லை. மேஜை விளிம்பில் நகத்தால் டக் டக்கென்று எட்டுத் தட்டு; பிறகு என்டர். ஏமாற்ற வேண்டுமென்றில்லை. தைத்துக்கொண்டிருக்கும் கையோடு எழுந்து வருகிறவளுக்கு எட்டு எழுத்து யோசிக்க எங்கே நேரம்?

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. புதன்கிழமை என்று ஒன்று வந்தது.

ரயில் கட்டுப்பாட்டு அறை வேலைக்கு மகள் விண்ணப்பித்திருந்தாள். தேர்வு வீட்டிலிருந்தபடியே, கணினியில், காலை பதினொரு மணிக்கு. அவர்கள் அனுப்பியிருந்த ஒரு மென்பொருளைப் போட்டால்தான் கேள்வித்தாள் வரும். பதினொரு மணிக்கு உள்ளே இல்லாதவர்கள் வெளியேதான். அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்து. அதற்குள் மகளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

“நேத்தே போட்டு வெச்சிருக்கலாம்பா” என்றாள் மகள், பத்து நாற்பதுக்கு.

“நேத்து போட்டா ராத்திரி பூரா அது சும்மாவா இருக்கும்? யாருன்னே தெரியாத ஆளைக் கூடத்துல படுக்க வெச்ச மாதிரி.”

துண்டைப் போர்த்தினார். தன் பாதியை அடித்தார். பால்கனிக்குப் போனார். மனைவி எழுந்து வந்து எட்டு நகத் தட்டு, ஒரு என்டர். கணினி, பாஸ்வேர்டு தவறு என்றது.

இது அந்த வீட்டில் நடந்ததே இல்லை.

“உன் பாதிதான்” என்றார் அவர், பால்கனியிலிருந்து.

“என் பாதி சரியாத்தாங்க இருக்கு.”

“எப்படி அவ்வளவு உறுதியா சொல்றே?”

இல்லாத ஒன்று எப்படித் தப்பாகப் போகும்? உலகத்திலேயே தப்பே வர முடியாத பாஸ்வேர்டு அவளுடையது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமென்றால் மாட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தடவை. தவறு. மூன்றாவது தடவை. தவறு. இன்னும் இரண்டு வாய்ப்புகள்தான், அதன்பிறகு அரை மணி நேரம் பூட்டிக்கொள்வேன் என்று கணினி எச்சரித்தது. அது அவரே ஏற்படுத்திய விதி. மணி பத்து நாற்பத்தொன்பது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

“பதட்டப்படாதே” என்றார் அவர் மனைவியிடம். “கண்ணை மூடு. சனிக்கிழமை காலையில என்ன நெனச்சு அடிச்சேன்னு நிதானமா ஞாபகப்படுத்து. என்ன புடவை கட்டியிருந்தே?”

“உங்க பாதியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்.”

“என் பாதியா?” அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “இருபத்தாறு வருஷமா ஒரு மாத்திரை கொறஞ்சதில்லடி. உனக்கு விரல் வழுக்குது. ஒவ்வொரு எழுத்தா, நிறுத்தி அடி.”

நிறுத்தி நிறுத்தித் தட்டினாள் எட்டுத் தட்டு. தவறு.

ஒரே ஒரு வாய்ப்பு. அவள் மகளைப் பார்த்தாள். போன மூன்று மாதமாகத் திருடனின் கணக்கில் உட்கார்ந்து ரயில் நேரங்களை மனப்பாடம் செய்த பெண். இப்போது அழக்கூட நேரமில்லாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, உள்ள வாங்க” என்றாள் மனைவி. “எனக்குப் பாதியே இல்லைங்க.”

“என்ன இல்லை?”

“நான் எதையும் அடிக்கிறதில்லை. என்டரை மட்டும்தான் தட்டுவேன். போன வருஷத்துலேருந்து.”

அவர் உள்ளே வந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ அந்தச் சத்தம்?”

“நகம்.”

“நடுவுல சில சமயம் நிறுத்தி யோசிப்பியே?”

“அது உங்களுக்காக.”

ஒற்றைச் சாவியோடு பதினான்கு மாதம் திறந்து கிடந்த அலமாரியை அவர் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட மோசமான ஒன்று பிறகுதான் உறைத்தது. அவள் பாதி இல்லையென்றால், தப்பு யார் பாதியில்?

“இருமல் மருந்துதானே அடிக்கிறீங்க?” என்றாள் மகள்.

அவர் தலை நிமிர்ந்தது. ஆஸ்பத்திரியில் எப்போதோ நிறுத்திவிட்ட பழைய மருந்துகளின் பெயர்களைத்தான் வாரம் ஒன்றாக அவர் பாஸ்வேர்டாக வைப்பார். அது அவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

“அது போன வாரம்பா. இந்தச் சனிக்கிழமை சிரங்குக் களிம்புக்கு மாத்திட்டீங்க. கடைசில நாப்பத்தேழு, ஒரு நட்சத்திரம்.”

“உனக்கு யாரு சொன்னா?”

“நீங்கதான். துண்டுக்குள்ள கையை விட்டுட்டு, ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே அடிப்பீங்க. மாடி வீட்டு அங்கிள்கூடக் கேட்டாரு, இந்த வாரம் ஏன் இவ்வளவு நீளம்னு.”

சொல்லிக்கொண்டே அவள் வேறொரு நாற்காலியை இழுத்துப்போட்டு, விசைப்பலகைமேல் கிடந்த துண்டை எடுத்து அப்பாவின் தோளில் போட்டுவிட்டு, மருந்தை அடித்தாள். நாற்பத்தேழு. நட்சத்திரம். என்டர். மென்பொருள் இறங்கியது. பத்து ஐம்பத்தெட்டுக்குக் காமிராவின் பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் பிய்த்தாள், அவருக்குத்தான் வலித்தது. அறையில் தேர்வெழுதுகிறவரைத் தவிர வேறு யாரும் இருக்கக்கூடாது என்று திரையில் ஒரு வரி வந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். தைக்க வேண்டிய சட்டைக் காலரையும் எடுத்துப்போனாள்.

பதினொன்று ஐந்துக்கு அவருக்கு உயிர் திரும்பியது.

“பாரு, தப்பு ஏற்பாட்டுல இல்லை” என்றார், குரலைத் தாழ்த்தி. “ரெண்டு பேர் போதாது. மூணு பாதியாப் பிரிச்சு, மூணாவதை மாடி வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டா?”

“அவருக்குத்தான் முதல் பாதியே தெரியுமே. இந்தக் காலரைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க” என்றாள் அவள். அவர் பிடித்தார். நன்றாகவே பிடித்தார்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், தெரிகிறது. நீங்கள் அப்படி இல்லை. துண்டெல்லாம் போர்த்துவதில்லை, வாய்விட்டும் சொல்வதில்லை. ஆனால் உங்கள் வீட்டில், நீங்கள் பாஸ்வேர்டு அடிக்கும்போது, பக்கத்தில் இருக்கிற மனைவியோ, கணவரோ, மகனோ சட்டென்று முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்கிறார்கள் இல்லையா? நாகரிகம், மரியாதை என்றுதானே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? சாப்பிட்டு முடித்து எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து, “ஆமா, என் பாஸ்வேர்டு உங்க யாருக்காவது தெரியுமா?” என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். யார் என்ன பதில் சொல்கிறார்கள் என்பது முக்கியமில்லை. உடனே எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர்போல எழுந்து, உங்கள் பக்கம் திரும்பாமலே, யார் அந்த அறையைவிட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள்.