அகேயோவின் சரிவில் சரளை

ஆண்டவன் எனக்கென்று ஒதுக்கிய செல்வத்தை இனியும் மண்ணுக்குள் உறங்க விடலாகாது என்று, மழைக்காலம் முடிந்த கையோடு முடிவு செய்தேன். பரலோகப் பொக்கிஷத்தைப் பற்றி, சபை மூப்பனாகிய நான் வாராவாரம் பேசுகிறேன். பூமிக்கடியில் இருக்கும் பொக்கிஷத்தைப் பற்றி என்னிடம் பேசியவன் ஒமோலோ. கிசுமு நகரத்துக்குப் புதுச்சாலை போடும் குத்தகைக்காரரின் ஆள்.

எங்கள் கள்ளி வேலிக்கு வெளியே கிடக்கும் சரிவில் ஒரு பிடி மண்ணை அள்ளினான். தண்ணீர் நிறைந்த போத்தலில் போட்டுக் குலுக்கினான். கலங்கல் தெளியும்வரை காத்திருந்தான்.

"களி கம்மி, மூப்பரே. நல்ல கிராவல், ரோட்டுக்கு ஏத்த சரளை. எவ்வளவு ஆழம் போகுதுன்னு தெரியணும். முழங்காலளவுக்குக் குழி தோண்டி வைங்க, சனிக்கிழமை வந்து பாக்கறேன். சரியா இருந்தா மொத்தச் சரிவையும் எடுத்துக்கறோம்."

மொத்தச் சரிவையும் என்றான். அந்தச் சரிவில்தான் எங்கள் ஒரே மகள் அகேயோ இருக்கிறாள்.

மணமாகாமல் இறந்த பெண்ணை வேலிக்குள் அடக்கம் செய்வது எங்கள் குலத்தில் வழக்கமில்லை. காய்ச்சல் அவளைக் கொண்டுபோன அன்று, பெரியவர்கள் வேலிக்கு வெளியே கை காட்டினார்கள். அலேகோ ஊர்க்காரி என்பதால் நான் நியார் அலேகோ என்று கூப்பிடும் என் மனைவி, "தனியாவா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அந்தச் சரிவைச் சரளைக்குக் கொடுக்கப்போவதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"கல்லறையைத் தொட மாட்டாங்க, நியார் அலேகோ. அதைச் சுத்தித்தான் எடுப்பாங்க."

"சுத்தி எடுத்துட்டா எம்பொண்ணு எங்க இருப்பா?"

"அங்கயேதான்."

"பள்ளத்துக்கு நடுவுல, திட்டு மேல. ஒரு மழைக்குத் தாங்குமா அது?"

"உயிர்த்தெழும் நாள்ல, உடம்பு எங்க கிடந்ததுங்கறது பெரிசில்ல."

"அப்ப நீங்க போனதும் உங்களையும் லாரியில ஏத்தி விட்டுடறேன், மூப்பரே. ரோட்டுக்காவது ஆவீங்க."

அன்று எனக்குக் கூழ் கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அதிசயம் நிகழ்ந்தது. கடப்பாரையை அவளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"எங்க தோண்டறதுன்னு யோசிச்சீங்களா?"

"நடுவுலதான்."

"நடுவுல தோண்டிட்டா ஓரத்துல என்ன இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? வேலி மூலையில ஆரம்பிங்க. ஓரமாவே கீழ இறங்குங்க. அகேயோவைச் சுத்திக்கிட்டு, அந்தப் பக்கமா மேல ஏறி வாங்க. நெருக்கமா இருக்கட்டும்."

"இத்தனை குழிக்கு ஆள் வெச்சுக்கலாமே?"

"உங்க மண்ணு. உங்க கையால தோண்டினாத்தான் ஆசீர்வாதம்."

மனைவியின் கீழ்ப்படிதலைக் குறித்து நான் செய்த பிரசங்கங்கள் இத்தனை காலம் கழித்துக் கனி தந்தனவே என்று உள்ளம் உருகினேன். உள்ளம் உருகியது போலவே இடுப்பும் உருகியது. குழிதோறும் சரளை செக்கச்செவேலென்று வந்தது. கல்லறையை நெருங்கிய நாளில் அவள் அதன் பக்கத்தில் அமர்ந்து, உறங்கும் குழந்தையின் தலையைக் கோதுவது போலப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஒமோலோவை அழைத்துவரச் சந்தைச் சாலைக்குப் போனேன்; அவன் வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது. திரும்பி வந்தபோது குழிகளைக் காணோம். குழி இருந்த இடமெல்லாம் கள்ளி நின்றது. சுற்றிலும் மண் இறுக மிதிக்கப்பட்டிருந்தது. சரிவுப் பக்கத்துப் பழைய வேலி அடியோடு வெட்டப்பட்டிருந்தது. கையில் துணி சுற்றிக்கொண்டு கடைசிக் கொம்பை அவள் நட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மூப்பரே, இது வீட்டு வேலியாச்சே!" என்றான் ஒமோலோ.

"காலையில வரைக்கும் குழிப்பா!"

"வேலிக்குள்ள கை வெச்சா ஊரே திரண்டு வந்து லாரியைக் கொளுத்தும். யாரு போட்ட வேலி?"

"வேற யாரு போடுவா?" என்றாள் என் மனைவி. "வீட்டுத் தலைவன் கை படாத வேலி வேலியா? ஒவ்வொரு குழியும் அவரு தோண்டினது. ஊரே நின்னு பாத்துச்சு."

ஒமோலோ குழிகளின் நேர்த்தியைப் பாராட்டிவிட்டுப் போய்விட்டான்.

"பெரியவங்களுக்கு என்னடி பதில் சொல்றது?" என்று கத்தினேன். "அவளை வேலிக்குள்ள கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னாங்களே!"

"நான் எங்க கொண்டுவந்தேன்? அவ படுத்த இடத்துலதான் படுத்திருக்கா. வேலிதான் எழுந்து போயி அவளைக் கூட்டிக்கிச்சு. அது கூடாதுன்னு யாரும் சொல்லலியே…"

கடைசிச் சொல்லில் அவள் குரல் உடைந்தது. அடக்கத்தன்றுகூட என் முன் அழாதவள். வேதத்தைத் தலைகீழாக ஒப்பிப்பவன் நான். வசனத்தை விட்டுவிட்டு, கல்லறையை நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மூலைக் குழி ஆழம் பத்தல. கள்ளி சாயுது. கொஞ்சம் தோண்டிக் குடுங்க."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் குழியிலும் முதல் தரமான சரளைதான் வந்தது.