ஏழு பேர் சாப்பிட்ட பிறந்தநாள் மீன்

இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஹெஸில் சாலையில், எண் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் மை வைத்து ஆடும் ஸ்டார்லைட் பிங்கோ கிளப்பில் இறந்தவர்கள் பேச ஆரம்பித்தது 2008 மார்ச் மாதத்தில். செவ்வாய்தோறும், இடைவேளையில், சரியாக எட்டு மணிக்கு. இறந்தவர்கள் நேரம் தவறியதே இல்லை. தேநீர் விற்று முடிவதற்கு முன்னால் ஒருவரும் வாய் திறந்ததும் இல்லை.

கூட்டமோ கூட்டம். பெவர்லியிலிருந்து பேருந்து வைத்து வந்தார்கள். உயிரோடு இருந்தபோது மாமியாருடன் பேசாதவர்கள்கூட, செத்த மாமியாரின் ஒரு வார்த்தைக்காக முன்வரிசையில் இடம் பிடித்தார்கள்.

மேலாளர் கிளைவ் ரட்கின் முகத்தில் அவ்வளவு ஒளி. முந்தைய கோடையில் கட்டடத்துக்குள் புகைபிடிக்கத் தடை வந்ததிலிருந்து கிளப்பில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது. அவர் ஒரு வளர்ச்சித் திட்டம் போட்டார். அம்புக்குறி மேல்நோக்கிப் பாயும் படம் ஒன்றைச் சுவரில் மாட்டினார். முதலில் கணினியில் பதியும் உறுப்பினர் அட்டை வந்தது. பிறகு கையில் பிடிக்கும் திரைப்பெட்டிகள் வந்தன. எண்ணை அறிவித்ததும் பெட்டியே டிக்கெட்டில் அடித்துக்கொள்ளும்; நாம் சும்மா இருந்தால் போதும்.

பெட்டியை ஒருவரும் தொடவில்லை. தன் பேனாவால், தன் கையால் மை வைக்காத எண்ணுக்கு ராசி ஏது என்றார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். நான் முப்பது வருடம் மீன்பிடிக் கப்பலில் போனவன். கணவன் கப்பலேறும் நாளில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் துணி துவைக்கமாட்டாள்; துவைத்தால் அவனைக் கடல் அடித்துக்கொண்டு போய்விடும். துவைக்காத வீட்டு ஆண்களும்தான் மூழ்கினார்கள். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

மூடநம்பிக்கையால் பெட்டி விற்கவில்லையா? சரி, மூடநம்பிக்கையை வைத்தே விற்போம் என்று கிளைவ் முடிவு செய்தார். ஆவிகளோடு பேசுகிறவன் என்று லீட்ஸிலிருந்து லூசியன் வந்து சேர்ந்தான். ஊதா கோட்டு, வெள்ளைத் தலைமுடி, ஜலதோஷம் பிடித்தவனைப் போன்ற குரல்.

அந்தக் குளிர்காலத்தில் கிளப்பில் ஏழு பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மனைவி ஹில்டா. எங்கள் கிளப்பில் ஒருவர் இறந்தால் அவர் இருக்கையில் சில வாரம் யாரும் உட்காருவதில்லை. லூசியன் அந்தக் காலி நாற்காலிகளுக்கு முன்னால்தான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான்.

"இருபத்தேழாம் நம்பர் இருக்கை," என்றான் முதல் செவ்வாய். "ஒரு பொம்பளை. ஹில்டா. கடவுச்சொல் மாதிரி ஒரு தேதியச் சொல்றாங்க. நவம்பர் அஞ்சு. பொறந்தநாளுங்கிறாங்க."

என் பக்கத்தில் இருந்த வின்னி, ஹில்டாவின் தங்கை, என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஹில்டா பிறந்தது மே பத்தொன்பது. ஆனால் அந்த உறுப்பினர் அட்டைக்கு அக்டோபர் கடைசியில் படிவம் கொடுத்தார்கள். பெயர், இருக்கை, ராசி எண், பிறந்த நாள். பிறந்தநாள் வாரத்தில் ஒரு தட்டு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் இலவசம் என்று அடியில் போட்டிருந்தது. ஹில்டா பேனாவை உதட்டில் வைத்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, நவம்பர் ஐந்து என்று எழுதினாள். "மே மாசம் வரைக்கும் மீனு காத்துக்கிட்டு இருக்குமா?" என்றாள்.

மே மாதம் வரை அவள்தான் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வின்னி கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவதான், வில்ஃப். சத்தியமா அவதான். அந்தத் தேதி நம்ம மூணு பேரத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

"கிளப்புக்கு எழுதிக் கொடுத்தோமே."

"அது கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு. அத யாரு உக்காந்து படிக்கப் போறாங்க?"

உண்மையான தேதியை லூசியன் சொல்லியிருந்தால்கூட வின்னி சந்தேகப்பட்டிருப்பாள். பொய்யான தேதியைச் சொன்னதால் முழுதாக நம்பினாள். அவளை மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்? மூன்று வாரம் நானும் அந்த நாற்காலியைப் பார்த்து மெல்லத் தலையாட்டினேன்.

பிறகு விற்பனை தொடங்கியது. 'குடும்ப இருக்கை': இறந்தவரின் நாற்காலி பத்து வருடத்துக்கு நமக்கே, கூடவே ஒரு பெட்டி. பெட்டிக்குள் இருந்து இறந்தவரே டிக்கெட் பொறுக்கித் தருவார். வின்னியிடம் அவ்வளவு பணம் கிடையாது. அவளிடம் இருந்தது விதர்ன்சீ கடற்கரையில், சக்கரம் வைத்த சின்ன வீட்டில் பாதி. அக்காவும் தங்கையும் சேர்ந்து வாங்கி, ஒரு கோடை முழுக்க மஞ்சள் அடித்த வீடு. கதவுக்குப் பின்னால் ஹில்டாவின் மழைக்கோட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஹில்டாவின் பாதி இப்போது என்னுடையது. விற்க என் கையெழுத்து வேண்டும்.

"அங்க அவ கோட்டுதான் இருக்கு, வில்ஃப்," என்றாள் வின்னி. "இங்க அவளே இருக்கா."

செவ்வாய் மாலை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டேன். அன்று கொஞ்சம் முன்னதாகவே கிளப்புக்குப் போய், சமையலறையில் நார்மாவிடம் தேநீர் கேட்டேன். இருபது வருடமாக அங்கே மீன் பொரிக்கிறவள்.

"ஏம்ப்பா, மூஞ்சி ஏன் செத்த மீனாட்டம் இருக்கு?"

சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நவம்பர் அஞ்சா? இந்த ஊர்ல பாதிச் சனம் நவம்பர் மொத வாரந்தான் பொறந்திருக்கு, தெரியுமா? நூத்தி நாப்பது தட்டு பொரிச்சேன். எங் கையப் பாரு, இன்னும் தழும்பு போகல."

அலமாரியிலிருந்து எண்ணெய் படிந்த தாள்களை எடுத்துப் போட்டாள். பிறந்தநாள் மீனுக்காகக் கணினி அச்சடித்துக் கொடுத்த பட்டியல். இருக்கை வரிசைப்படி பெயர், தேதி, ராசி எண். இருபத்தேழில் ஹில்டா இருந்தாள்.

லூசியன் சொன்ன ஏழு பேரின் தேதியும் அதில் அப்படியே இருந்தது; ஏழு வீட்டிலும் இதுதான் நடந்திருந்தது. ஒவ்வொரு வீடும் அந்தப் பொய் தங்களுடையது மட்டும் என்று நினைத்து, வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது.

எட்டு மணி. மேடை மேஜையில் குடும்ப இருக்கை ஒப்பந்தத் தாள்கள். வின்னி கையில் பேனா. லூசியன் கண்ணை மூடினான்.

"ஒன்பதாம் நம்பர் இருக்கை..."

"எர்னி ப்ளெங்கின்," என்றது சமையலறைக் கதவு. நார்மா சமையல் ஏப்ரனோடு, கையில் அந்தப் பட்டியலோடு நின்றிருந்தாள். "நவம்பர் ரெண்டு. ராசி எண் அறுபத்தாறு. அடுத்தது பதினாலு, மேபல் ஸ்டார்க். நவம்பர் நாலு. அடுத்து இருபத்தேழு. போதுமா, இன்னும் சொல்லட்டுமா?"

லூசியன் சமாளித்தான். "இந்த அம்மாவுக்கும் அருள் இருக்குங்க."

"அருள் இல்ல ராசா, அடுப்புதான் இருக்கு. இது மீனு லிஸ்ட்டு. எங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. ஹில்டா நெசமாவே பொறந்தது என்னிக்கு?"

அவன் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தான். "அஞ்சுதான். அடிச்சுச் சொல்றாங்க."

நான் எழுந்தேன்.

"மே பத்தொம்பது," என்றேன். "ஓசி மீனுக்காக மாத்தி எழுதினோம். அதுல பாதிய நாந்தான் தின்னேன்."

பிறகு எர்னியின் மகள் மெதுவாக, "எங்கப்பா ஆகஸ்ட்டு," என்றாள். "எங்க மேபல் ஏப்ரல்," என்றது இன்னொரு குரல். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும்.

கிளைவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப எல்லாருமாச் சேந்து கிளப்ப ஏமாத்தியிருக்கீங்க?"

"ஆமா," என்றாள் நார்மா. "ஆளுக்கு ஒரு தட்டு மீனு. நீ எங்ககிட்டருந்து எவ்வளவுக்குத் திட்டம் போட்ட?"

லூசியன் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனான். அந்தக் கதவு இருப்பதை எந்த ஆவியும் அவனுக்குச் சொல்லவில்லை. முதல் நாளே பார்த்துவைத்திருப்பான்.

வின்னி சிரிக்கவில்லை. பேனாவை மூடி, கைப்பைக்குள் போட்டாள்.

"அப்ப அவ வரவே இல்ல."

"இல்ல வின்னி."

எழுந்து போய் ஹில்டாவின் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையாலேயே மை வைத்து அடுத்த ஆட்டம் ஆடினாள். தோற்றாள்.

மே பத்தொன்பதாம் தேதி விதர்ன்சீக்குப் போனோம். காசு கொடுத்து மீன் வாங்கித் தின்றோம். மழை வந்தது. வின்னி கதவுக்குப் பின்னால் இருந்த கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

லூசியன் இப்போது வேறொரு ஊரில், வேறொரு கிளப்பில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறானாம். அங்கேயும் கூட்டமாம். போகிறவர்கள் போகட்டும். யாரோ ஒருவன் உங்கள் ரகசியத்தைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: அதை நீங்கள் எந்தப் படிவத்தில், எந்த மீனுக்காக எழுதிக் கொடுத்தீர்கள்?