பீரோவுக்குள் ஒரு வைஃபை

மானுட அறிவை முன்னே தள்ளிய மாபெரும் கேள்விகளுள் ஒன்று, காரிமங்கலத்தில், தீர்த்தகிரியின் வீட்டுக் கூடத்தில் கேட்கப்பட்டது. கேட்டவள் பக்கத்து வீட்டு ஷகிலாவின் மகள் சாதியா. வயது ஆறு.

"மாமா, உங்க வைஃபை ஏன் பீரோவுக்குள்ள இருக்குது? என்ன தப்பு பண்ணுச்சு?"

ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளரான தீர்த்தகிரி புன்னகைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் இணைப்பு வாங்கிய அன்றே இரும்பு பீரோவின் முதுகில் துளையிட்டு, வயரை உள்ளே விட்டு, ரவுட்டரை நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியவர் அவர். வெளியே வைத்தால் சிக்னல் சுவர் தாண்டிப் போய் 'அண்டை வீட்டாரால் அனுபவிக்கப்படும்' அல்லவா? அதற்குத்தான் கடவுச்சொல் இருக்கிறதே என்றாள் மகள் வெண்மதி. கடவுச்சொல்லை இடுப்பில் செருகிக்கொள்ள முடியுமா? சாவியை முடியும்.

இந்தத் தொலைநோக்கின் பயனாக, பீரோவைக் கட்டிப்பிடித்து நின்றால் வாட்ஸ்அப் வந்தது. கொல்லையில் காற்று மட்டும் வந்தது. செல்போன் டவரோ அந்தத் தெருவை மதிப்பதே இல்லை.

அப்போதுதான் வெண்மதிக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு வந்தது. இரண்டு வருடம் அலைந்து கிடைத்த ஒரே அழைப்பு; காலை பத்து மணிக்கு. அன்று சந்தை நாள். தெருப்பக்கம் ஆடும் மாடும் ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் பேசும். கொல்லைத் தண்ணீர்த் தொட்டியடி ஒன்றுதான் அமைதியான இடம்.

உடனே 'கொல்லைப்புற அலைவரிசை மேம்பாட்டுக் குழு' உதயமாயிற்று. தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் தீர்த்தகிரி. பார்வையாளர், குழம்பு தாளித்துக்கொண்டிருந்த மனைவி காவேரி.

"பீரோவத் தொறந்து வைங்களேன்."

"பார்வையாளரு பேசக் கூடாது."

வேப்பங்கிளை வெட்டப்பட்டது. பீரோ கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டது. அதன் தலையில் தீர்த்தமலைத் தீர்த்தம் தெளிக்கப்பட்டது. 'முன்னேற்றம் திருப்திகரம்' என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

தேர்வு நாள், ஒன்பது ஐம்பது. தொட்டியடியில் மடிக்கணினியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெண்மதியின் கண் நிறைந்தது.

"இப்பவாச்சும் தொறங்க!" என்று கத்தினாள் காவேரி.

தீர்த்தகிரி இடுப்பைத் தடவினார். சந்தை நாளில் திருட்டு பயம் என்று சாவியை 'மிகப் பத்திரமான இடத்தில்' வைத்திருந்தார். எந்த இடம் என்பது பரிசீலனையில் இருந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து ஷகிலாவின் தலை எழுந்தது. "ஏன் கண்ணு அழுவுற?"

விஷயம் தெரிந்ததும் அவள் உள்ளே ஓடினாள். வயர் எட்டும் வரை இழுத்துத் தன் ரவுட்டரைச் சுவர் மேல் கவிழ்த்த வாளியின்மீது வைத்தாள். "பேரு 'சாதியா ஹோம்'. கடவுச்சொல்லு அவ பேரும் பொறந்த வருசமும். சுருக்கா போடு கண்ணு."

"உங்களுக்கு நெட்டு செலவாயிடுமேங்க?" என்றார் தீர்த்தகிரி.

"செலவாவுதுன்னு மூச்ச அடக்கிட்டா இருக்குறோம்? நகருங்கண்ணே, புள்ளைக்கு வெளிச்சம் மறையுது."

வெண்மதிக்கு வேலை கிடைத்தது. சாவி அரிசி டப்பாவில் கிடைத்தது. பீரோவிலிருந்து ரவுட்டரை வெண்மதியே வெளியே எடுத்துக் கொல்லை ஜன்னலில் வைத்தாள்.

அடுத்த வாரம் காற்றில் ஷகிலா வீட்டு இன்டர்நெட் லைன் அறுந்தது. லைன்காரர் 'நாளைக்கு' என்றார். மூன்று நாளும் அதையே சொன்னார். மஸ்கட்டில் இருக்கும் ஷகிலாவின் கணவர் கவுஸ் பாஷா மதியம்தோறும் வீடியோ காலில் மகளிடம் முகம் காட்டுவார். "அத்தா எங்க?" என்ற அழுகை சுவர் தாண்டி வந்தது. அதற்குச் சிக்னல் தேவைப்படவில்லை.

காவேரி கோயிலுக்கும் வெண்மதி தருமபுரிக்கும் போயிருந்த ஒரு மதியம், தீர்த்தகிரி ரவுட்டர் முன் தனியே உட்கார்ந்தார். தன் வைஃபையின் பெயரை அழித்து 'சாதியா ஹோம்' என்று வைத்தார். கடவுச்சொல்லுக்கு அவள் பெயரும் பிறந்த வருடமும். இரண்டும் ஒத்துப்போனால் செல்போன் வேறுபாடு பார்ப்பதில்லை. நம் வீடுதானே என்று நுழைந்துவிடும்.

சிறிது நேரத்தில் சுவருக்கு அப்பால், "அத்தா!"

ஷகிலாவின் தலை எழுந்தது. "லைன்காரரு சொல்லாமக் கொள்ளாம வந்து சரி பண்ணிட்டாரு போலண்ணே! நல்ல மனுசன்!"

"ஆமாங்க," என்றார் தீர்த்தகிரி, வானத்தைப் பார்த்து.

அந்த நல்ல மனுஷர் சுவர் வரை வந்து சேர மூன்று ஆண்டுகள் ஏன் ஆயின என்று ஷகிலா கேட்கவில்லை. கேட்டிருந்தால், பதில் சொல்ல வேண்டிய குழுவில் ஒரே ஒரு உறுப்பினர்தான் இருந்தார்.