இருபத்தி நாலாவது வீடு

அம்பிட்டிய,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மூத்த மச்சான் திரு. பழனியாண்டி அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் தங்கை பாலம்மாவின் கணவன் ராஜலிங்கம் பணிவுடன் வரைந்துகொள்வது. கதிர்காமக் கந்தன் கிருபையால் இங்கு அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எனக்குப் பொய் எழுத வராது. தங்கள் தங்கை இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. மகள் லோஜினி சாப்பிடுவதில்லை. மகன் சதீஸ் பேசுவதில்லை, சாப்பிடுவது மட்டும் குறைவில்லாமல் நடக்கிறது. நாலு தரம் கோல் எடுத்தும் தாங்கள் பேசவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய மன்னிப்புக்கெல்லாம் இரண்டு நீலக் கோடு மட்டும் விழுகிறது. ஆகவேதான் முத்திரை ஒட்டி இக்கடிதம்.

மச்சான், பெண் கல்யாணத்துக்குத் தாய்மாமனுக்கு முதல் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வீட்டு வாசற்படி மிதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? நான் என்ன நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளானா? நடந்த பிழைக்கெல்லாம் காரணம் அந்தக் கம்ப்யூட்டர் படிப்பு. மூன்று வருஷமாகத் தங்கள் மருமகன் சதீஸ் கேம்பஸில் அதைப் படிக்கிறான். வீட்டில் பிரின்டர் பழுது என்றால், "நாங்க அது படிக்கிறதில்லப்பா" என்கிறான். அப்படி என்னதான் படிக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். ஒரு சேல்ஸ்மேன் பல ஊருக்குப் போக வேண்டுமாம், போன ஊருக்குத் திரும்பப் போகாமல், ஆகக் குறைந்த தூரத்தில் எல்லா ஊரும் முடித்து வீடு வர வேண்டுமாம், அதற்கு எல்லா நேரத்துக்கும் சரிவருகிற லேசான வழி உலகத்தில் எவனும் இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம். மச்சான், நான் இருபத்திரண்டு வருஷம் பிஸ்கட் லொறியில் நுவரெலியா ரோடு முழுக்கச் சேல்ஸ்மேனாகப் போனவன். விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்தவன். எவனும் என்னிடம் கேட்கவில்லையே.

லோஜினி கல்யாணத்துக்குச் சொல்ல வேண்டிய வீடு முப்பத்தாறு. இவன், "நீங்க லிஸ்ட மட்டும் தாங்கப்பா, போற வழிய நான் புரோகிராம் போட்டுத் தாறேன், எனக்கு அசைன்மென்டும் முடிஞ்ச மாதிரி" என்றான். படிச்ச பிள்ளை சொல்றானே என்று நானும் தலையாட்டினேன். பக்கத்து வீட்டு ஷப்ராஸ் வேன் ஓட்ட, சனிக்கிழமை கண்டி, பேராதனை எல்லாம் முடிச்சு, கம்பளையில ராத்தங்கி, ஞாயித்துக்கிழமை விடிய உங்க புசல்லாவ ரோட்டுக்கு வந்தோம். நான் முன் சீட்டுல தாம்பாளத்த மடியில வச்சிக்கிட்டு, இப்ப மச்சான் வீடு வரும், இப்ப வரும்னு சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு இருக்கேன், வீடும் வந்திச்சி, வேன் நிக்கல. "மொதல்ல தோட்டத்து மேல் டிவிசன் நாலு வீடு, எறங்கி வரும்போதுதான் மாமா வீடு"ன்னு பின்னாலருந்து சதீஸ் போனப் பாத்துச் சொல்றான். நீங்க வாசல்ல நின்னு பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தீங்க. எங்களக் கண்டதும் சிரிச்சுக்கிட்டே பிரஷ்ஷோட கையக் காட்டினீங்க. நானும் கையக் காட்டினேன். வேற என்ன செய்யிறதுன்னு அந்த நேரம் எனக்குத் தெரியல மச்சான்.

மேல்வீட்டு சுந்தரிக்கு வெத்தலையக் குடுத்து, அவ தந்த பிளேன்டீயக் குடிச்சு முடிக்கலை, அதுக்குள்ள அவ உங்களுக்குக் கோல் எடுத்து, எங்களுக்கு வச்சிட்டாங்க, உங்களுக்கு எப்ப வச்சாங்கன்னு விசாரிச்சாச்சு. அவ வாய்க்கு எந்தக் கம்ப்யூட்டரும் ஈடில்ல. நாங்க எறங்கி வந்தா உங்க கதவு சாத்தியிருக்கு, டிவி அலறுது. உங்க வீட்டு அக்கா ஜன்னலத் திறந்து, அவரு தூங்குறாருன்னு சொன்னாங்க. உள்ள நீங்க தொண்டையச் செருமினது எனக்குக் கேட்டிச்சி. நான் தாம்பாளத்தோட ஜன்னலடியில நின்னு, இவன் புரோகிராம்தான் உங்க வீட்ட இருபத்தி நாலாவதாப் போட்டிட்டுது, என் மேல பிழையில்லன்னு உங்களுக்குக் கேக்கிற மாதிரி சொன்னேன். நீங்களே ஜன்னலுக்கு வந்து, "எனக்கு முன்னால இருபத்தி மூணு வீடாடா?"ன்னு அவன்கிட்டதான் கேட்டீங்க. இந்தப் பய என்னைய ஒரு தரம் பாத்தான். அப்புறம் உங்களப் பாத்துச் சொன்னான்:

"கம்ப்யூட்டருக்கு எல்லா வீடும் ஒண்ணுதான் மாமா."

நீங்க ஜன்னலச் சாத்தினதுல பிழையே இல்ல. நானாயிருந்தா தண்ணி எடுத்து ஊத்தியிருப்பேன்.

வர்ற வழியெல்லாம் அவன ஏசினேன். எல்லா வீடும் ஒண்ணா? நீ பொறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த வீடும், சுந்தரி வீடும் ஒண்ணா? ஏ.எல். ரிசல்ட் வந்த அன்னைக்குப் புசல்லாவ டவுனுக்கே லட்டு குடுத்த மனுசனும், கண்டி டவுன்ல எங்கூட ஒரு வருசம் வேல செஞ்சவனும் ஒண்ணா? அவன் தலையக் குனிஞ்சு போனையே தடவிக்கிட்டு இருந்தான். படிச்ச திமிர்னு நெனச்சேன். நேத்து கேம்பஸ்ல அந்த அசைன்மென்டுக்கு சஞ்சீவனி மிஸ் நல்ல மார்க்ஸ் போட்டு, அறுபத்தொரு கிலோமீட்டர் மிச்சம்னு பாராட்டினாங்களாம். அறுபத்தொரு கிலோமீட்டர் லாபம், ஒரு மச்சான் நட்டம். இந்தக் கணக்குக்கு மார்க்ஸ் போடுற மிஸ் எந்தக் கேம்பஸ்ல இருக்காங்களோ தெரியல.

மச்சான், பகிடிய விட்டுட்டுச் சொல்றேன். வர்ற மாசம் பன்னிரண்டாந் திகதி நீங்க மாலை போட்டு, உங்க கையப் பிடிச்சுத்தான் மணவறைக்கு வருவேன், இல்லாட்டி வீட்டுலயே இருப்பேன்னு லோஜினி சொல்லிட்டா. சும்மா சொல்ற பிள்ளை இல்ல அவ. மாப்பிள்ளை வீட்டாரு நேத்தும் கேட்டாங்க, மாமா என்ன சொல்றாருன்னு. மாமாவுக்குக் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன். எனக்குப் பயமா இருக்கு மச்சான், வெக்கமாவும் இருக்கு. தயவு பண்ணி என் மேல உள்ள கோவத்த அந்தப் புரோகிராம் மேல போடுங்க. பையன் சின்னவன், பாடப் புத்தகத்துல தாய்மாமன் இல்லாதது அவன் குத்தமில்ல.

அக்காவுக்கு எனது வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசிகளையும் சேர்ப்பிக்கவும். தங்கள் திருமுகம் மணவறையில் விளங்க எல்லாம் வல்ல கந்தன் அருள்வானாக.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
சி. ராஜலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு தரம் வாசித்துக் காட்டச் சொல்லி பாலம்மா நின்றாள், வாசித்தேன். சதீஸும் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போகப் பார்த்தான். பாலம்மாதான் மறிச்சு, ஏன்டா அழுறன்னு கேட்டு, அவன் போனப் பறிச்சுப் பாத்தா, போன வாரம் நான் அவனுக்கு அனுப்பின வாய்ஸ் ஒண்ணு இருக்கு. என் குரல்தான், மறுக்க முடியாது. "தம்பி, நீ மாமா வீட்ட மொதல்ல போட்டிருக்க, அத மாத்து. அங்க போனா கோழி அடிக்காம விடமாட்டாரு, பழங்கத பேசி அன்னைக்கு நாளே போயிரும். நடுவுல எங்கயாவது சொருகு. அவரு கண்டுபிடிச்சா சமாளிச்சுக்கலாம்."

மறந்திட்டேன்னு சத்தியம் பண்ணலாம் மச்சான், ஆனா பாலம்மா பக்கத்துல நிக்கிறா. கம்ப்யூட்டருக்குத் தாய்மாமன் யாருன்னு தெரிஞ்சிருந்திச்சி. எனக்குத்தான் தெரியல. ஜன்னல்ல நின்னு அவன் சொன்ன பேச்சு, அப்பன் மானத்துக்காகச் சொன்ன பொய்.

அந்த வாய்ஸ பாலம்மா உங்களுக்கு அனுப்பிட்டா. நான் தடுக்கல. ரெண்டு நீலக் கோடும் விழுந்திச்சி. இப்பத்தான் உங்க பதிலும் வந்திச்சி, ஸ்பீக்கர்ல போட்டு வீடே கேட்டிச்சி: "தங்கச்சி, மருமகன மொதல்ல அனுப்பு. கோழி பிடிச்சு வைக்கிறேன். ஒம் புருசன் இருபத்தி நாலாவதா வரட்டும்."

வர்றேன் மச்சான். லைன்ல நின்னு வர்றேன்.