நாலாவது மனையைக் கல்லறை என்று எழுதிய விபரம்

வெம்பக்கோட்டை ரோடு,
12-8-1961

கிறிஸ்துவுக்குள் பிரியமான மாப்பிள்ளை சுந்தர்ராஜுக்கு, அத்தான் ஞானசீலன் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கடிதப் பாடம் நடத்தியவன் நான், அதனால் எழுதிவிட்டேன். இனி நடந்ததைக் கேள்.

ரோட்டோரத்து என் பதினைந்து சென்டை, நான் கண்ணை மூடுமுன் மூன்று பையன்களுக்கும் மகள் இன்பத்துக்கும் ஆளுக்கொரு மனையாகப் பிரிக்க நினைத்தேன். புருஷன் செத்துப்போன நாளிலிருந்து அவள் தகரப் பெட்டியும் கையுமாக ஒவ்வொரு அண்ணன் வீட்டிலும் நாலு மாதம் இருக்கிறாள்; தீப்பெட்டி ஒட்டித்தான் சாப்பிடுகிறாள், ஆனாலும் பசை நாறுகிறது என்று மூன்று மருமகள்களும் மூக்கைப் பொத்துகிறார்கள். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால் கிளார்க் சீனிவாசகம், என்னிடம் படித்த பயல்தான், "சார், மூணு மனைன்னா வரைபடம் போதும். நாலுன்னா அது லேஅவுட்டு. இருபதடி ரோடு விடணும், ரோடு போக மனைக்கு மூணு சென்டுக்குக் குறையக் கூடாது" என்றான். ரோடு விட்டால் மனை தேறவில்லை. பெரியவன் ராஜசிங்குக்கு ஒரே குளிர்ச்சி. "அப்ப மூணே போதும்ப்பா. இன்பத்துக்குத்தான் எங்க மூணு வீடும் இருக்கே" என்கிறான், வெட்கம் கெட்டவன்!

எனக்கு வந்ததே கோபம். நாலாவது மனையைக் 'குடும்பக் கல்லறை' என்று எழுதிக் கொடுத்தேன். கல்லறை என்றால் வீட்டு மனைக் கணக்கில் வராது, உள்ளே கிடப்பவனுக்கு இருபதடி ரோடும் வேண்டாம். பிறகு இன்பம் மெதுவாக ஒரு வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று என் கணக்கு. மறுவாரமே நோட்டீஸ் வந்தது: கல்லறைக்கு நூறு கெஜத்துக்குள் குடியிருப்பு கூடாதாம்! மொத்த நிலமுமே நீளத்தில் முப்பது கெஜம் தேறாது, மாப்பிள்ளை. "ஏம்ப்பா, எங்கள உயிரோட புதைச்சிட்டீகளே!" என்று ராஜசிங் தெருவில் நின்று கத்தினான். மூவரும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சீனிவாசகம் மட்டும் இரக்கப்பட்டு, "கல்லறைக்குக் காவல்காரன் வீடு ஒண்ணு கட்டிக்கிடலாம் சார். ஆனா உள்ள ஒரு ஆளு அடக்கமாயிருக்கணும். காலிக் கல்லறைக்குக் காவல் கெடையாது" என்றான். காலிக் கல்லறையைத்தானே நாங்கள் வருஷாவருஷம் ஈஸ்டர் என்று கொண்டாடுகிறோம் என்றேன். "அதுக்கு யாரும் பஞ்சாயத்துல அனுமதி வாங்கல சார்" என்றான்.

எனக்கு எழுபத்தொரு வயது, ரத்தக் கொதிப்பும் இருக்கிறது; இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? என்னை அங்கேதான் அடக்க வேண்டும், காவல் இன்பத்துக்கு என்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தாய்மாமன் என்ற முறையில் நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பையன்கள் என்னைக் கோயில் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போகாமல் பார்த்துக்கொள். உன் அக்காள் பக்கத்தில் எனக்கு விட்ட இடம் சும்மா கிடக்கும். அவள் கோபித்துக்கொள்வாள், நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் குறைவில்லாத சுகம் தரட்டும்.

உன் அத்தான்,
ஞானசீலன்

பி.கு. (14-8-1961): கையெழுத்துப் போடாதே. உறையை ஒட்டுமுன், என்னைப் பார்க்க வந்த இன்பம் படித்துவிட்டாள். "நீங்க எப்பச் சாவீகன்னு பாத்துக்கிட்டு இருக்கவாப்பா எனக்கு வீடு?" என்று அழுதாள், நானும் அழுதேன். இன்று காலை அவளே ஆபீசுக்குப் போய், எனக்கு மனை வேண்டாம், மூன்றாகவே பிரியுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். உடனே முத்திரை விழுந்தது. பையன்கள் மூவரும் என்னோடு பேசுகிறார்கள். நாளை முதல் அவள் ராஜசிங் வீட்டில். உயிரோடு இருந்தும் என் பிள்ளைக்கு நான் உதவவில்லை மாப்பிள்ளை. செத்து உதவலாம் என்றால் அதற்கும் விட மாட்டேன் என்கிறாள்.